கண்மாய் மீன் ஏலத்துக்கா, ஊருக்கா?

கேள்வி: "எங்கள் ஊர்க் கண்மாயில் முன்பெல்லாம் கோடையில் ஊரே இறங்கி மீன் பிடிப்போம். சில வருடங்களாக மீன்பாசியை ஏலம் விடுகிறார்கள். பணம் ஊர்ப் பொதுச் செலவுக்கு ஆகிறது. ஆனால் ஏலம் எடுத்தவர் மாசியிலேயே மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிடுகிறார். பழையபடி மீன்பிடித் திருவிழா நடத்தலாம் என்றால், 'அரைநாள் கூத்துக்காக வருமானத்தை விடுவதா?' என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"
- முதுகுளத்தூர் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்.

என் ஓட்டு அந்த அரைநாள் கூத்துக்குத்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

ராமநாதபுரம் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. வைகைத் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் வடகிழக்குப் பருவமழைதான். ஆகவே நெல்லும் மிளகாயும் மாடும் மனுசரும் கண்மாயை நம்பித்தான். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயைச் சொல்வார்கள். பறக்கிற நாரையே களைத்துவிடும் அளவுக்கு நீளமாம். உங்கள் ஊர்க் கண்மாய் அவ்வளவு பெரிதில்லை என்றாலும் விசயம் ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் பெருகும். பங்குனி, சித்திரையில் மடைப்பள்ளத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில் மிச்சம் இருப்பதுதான் மீன்.

பெரியவர் ஒருவர் கரையில் நின்று துண்டை வீசும்வரை ஒருத்தரும் காலை நனைக்கக் கூடாது. வீசியதும் ஊத்தா, கச்சா, வலை, ஒன்றும் இல்லாதவர் பழைய சேலை என்று மொத்தக் கூட்டமும் இறங்கும். ஊத்தாவைச் சேற்றில் குத்தி மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவும்போது விரால் ஒரு அடி அடிக்குமே, அதை அனுபவித்தவருக்குத்தான் தெரியும். கெண்டை, கெளுத்தி, குரவை, ஜிலேபி என்று எது கிடைத்தாலும் விற்கக் கூடாது என்பது பல ஊர்களில் வழக்கம். வெறுங்கையோடு கரையேறியவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நாலு மீன் போடுவார். கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகளோடு வந்திருப்பார்கள். அன்று சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே குழம்பு வாசனைதான். சேற்று வாடை போக கல்லுப்பும் புளியும் போட்டு உரசிக் கழுவும் வேலைக்கு மட்டும் ஆம்பிளைகள் அகப்படமாட்டார்கள்! ஐப்பசியில் கலுங்குத் தண்ணீருக்குச் சண்டை பிடித்த பக்கத்து ஊர்க்காரரும் அன்றைக்கு ஊத்தாவோடு வந்து நிற்பார்.

இதைக் கூத்து என்று தள்ள முடியாது. மீன் ஊருக்குச் சொந்தமாக இருந்தால், தண்ணீர் கடைசிச் சொட்டுவரை பாசனத்துக்கும் மாட்டுக்கும் போன பிறகு மீன் பிடித்தால் போதும் என்று ஊரே பொறுத்திருக்கும். ஒருவர் பணம் கட்டி எடுத்துவிட்டால், தண்ணீர் சீக்கிரம் வடிவதில்தான் அவருக்கு லாபம். அவரைத் திட்டிப் பயனில்லை, கணக்கு அப்படி. நெல் அறுத்த வயலில் பருத்தி போட்டவர்கள், மாசியில் போன தண்ணீருக்கு எத்தனை நனைப்பு தவறியது, அதனால் எவ்வளவு மகசூல் போனது என்று கணக்குப் போடுங்கள். அந்தத் தொகையை ஏலத்தொகைக்குப் பக்கத்தில் எழுதி ஊர்க்கூட்டத்தில் வையுங்கள். பேச்சு வேறு மாதிரி போகும்.

ஒரு முக்கியமான விசயம். கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறைவானது பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தில் இருக்கும். அதற்கு மேற்பட்டது நீர்வளத்துறையில். மீன்பாசி உரிமையை ஊர் தன்னிஷ்டத்துக்கு விற்கவும் முடியாது, அளிக்கவும் முடியாது. எழுத்தில் கேட்டுவிட்டு இறங்குவதே நல்லது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை போன்ற பறவைகள் சரணாலயக் கண்மாய் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கவே வேண்டாம். முதல் இரண்டும் 2022-லும், அடுத்த இரண்டும் 2025-லும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை.

சரணாலயம் இல்லாத கண்மாயிலும் நாட்டுக் கருவேல மரத்தில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருந்தால், குஞ்சு பறந்து போகும்வரை நாளைத் தள்ளி வையுங்கள். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் பயிருக்கு நல்ல உரம்.

மடைப்பள்ளத்தில் ஒரு மூலையை மட்டும் யாரும் கலக்காமல் விட்டுவிடுங்கள். விராலும் குரவையும் காற்றைச் சுவாசிக்கிற மீன்கள், கொஞ்சத் தண்ணீரிலும் தாக்குப்பிடித்து அடுத்த மழையில் பெருகிவிடும். கட்லாவும் ரோகுவும் தேங்கிய தண்ணீரில் இனப்பெருக்கம் செய்யாது. அவை வேண்டுமென்றால் கண்மாய் பெருகியபின் குஞ்சு வாங்கித்தான் விடவேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்ப விடாதீர்கள். வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன் அது, மற்ற மீன்களைத் தின்று தீர்த்துவிடும்.

சின்னப் பிள்ளைகளை ஆழமான பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேரைக் கரையில் நிறுத்துங்கள். தேளி முள் குத்தினால் பொறுக்கிற அளவு சூடான வெந்நீரில் கையை வைத்திருந்தால் கடுப்பு குறையும். வீக்கம் அதிகமானால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மறுவாரம் கண்மாய் காய்ந்ததும் வட்டாட்சியர் அனுமதி வாங்கி வண்டல் அள்ளுங்கள். மீனுக்கு வந்த கூட்டத்தில் பாதி வந்தாலும் வரத்துக்கால்வாயில் முளைத்த சீமைக்கருவேலையும் வெட்டிவிடலாம்.

அப்படியும் ஏலம்தான் என்று ஊர் முடிவு செய்தால், மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது, கடைசி மடை அடைத்த பிறகே மீன் பிடிக்கவேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். கூட்டத்தில் என்ன முடிவானது என்று எழுதுங்கள். வேறு ஊர்களில் எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்த வாசகர்களும் எழுதலாம்.