அறுந்த மாலையும் பொறுக்கிய மணிகளும்

கலைஞன் ஒருவனை அறிவது எங்ஙனம்? அவன் படைத்தவற்றுள் சிறந்தவை எனப் பிறர் பொறுக்கித் தரும் சிலவற்றைச் சுவைத்து அமைவதா? அன்றி, அவன் தொடங்கிய இடத்தில் தொடங்கி, அவன் நடந்த வழியே நடந்து, அவன் நின்ற இடத்தில் வந்து நிற்பதா? இலக்கியத்தைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை கூறத் தயங்குவார் இலர். ஒரு நாவலாசிரியரின் நூல்களிலிருந்து பிறர் தொகுத்த சில பக்கங்களை மட்டும் படித்துவிட்டு, அவரை முற்றும் அறிந்ததாகக் கூறுவாரைக் கண்டு கற்றோர் அவை நகைக்கும். ஆனால் இசையென்று வரும்போது, அதிலும் மேலைநாட்டு ராக் இசையென்று வரும்போது, அதே கற்றோர் 'சிறந்த பாடல்கள்' என்னும் ஒரு தொகுப்பைக் கேட்டுவிட்டு, அக்குழுவை அறிந்துவிட்டதாக மனநிறைவு கொள்கின்றனர். இம்மனநிறைவு பொய்யானது. இதற்கு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தோன்றிய பீட்டில்ஸ் குழுவைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்னும் நால்வரின் இசைத்தொகுதிகள் 1963ஆம் ஆண்டு முதல் 1970ஆம் ஆண்டு வரை வெளிவந்தன. அமெரிக்காவில் தொகுதியாக வெளிவந்த 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' உட்பட அவை பதின்மூன்று. தொகுதிகளில் சேராத தனித்தட்டுப் பாடல்கள் 1988இல் 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' என்னும் பெயரில் இரு பகுதிகளாகத் திரட்டப்பட்டன. அனைத்தையும் வரிசையாகக் கேட்க ஏறத்தாழப் பத்து மணி நேரம் வேண்டும். 'யாருக்கு அவ்வளவு நேரம்?' என்று கேட்பாருக்கு ஒரு மறுவினா உண்டு. ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு ஒரே வாரத்தில் அத்தனை மணி நேரத்தைக் கணக்குப் பாராமல் கொடுப்போர், ஒரு கலையின் முழு வாழ்வுக்கு அதைக் கொடுக்கத் தயங்குவது ஏன்? குறை நேரத்தில் இல்லை, நோக்கத்தில் இருக்கிறது.

பொறுக்கிக் கேட்போர் தம் கட்சிக்குத் துணையாக ஒரு பழமொழியைக் காட்டுவர்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பழமொழி பொய்யன்று; அதனைப் பொருத்தும் இடமே பிழை. ஒரே பானையில், ஒரே நீரில், ஒரே அனலில் வெந்த சோற்றுக்கே அவ்விதி பொருந்தும். பீட்டில்ஸ் குழுவின் ஏழாண்டுப் படைப்பு ஒரே பானையில் வெந்ததன்று. 'பிளீஸ் பிளீஸ் மீ' என்னும் முதல் தொகுதியின் பதினான்கு பாடல்களுள் பத்து, 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில், இரு தடங்கள் மட்டுமே கொண்ட கருவியில் பதிவாயின. அவற்றுள் ஆறு பாடல்கள் பிறர் இயற்றியவை. 'ரிவால்வர்' தொகுதிக்குரிய 'டுமாரோ நெவர் நோஸ்' என்னும் பாடலின் பதிவு 1966 ஏப்ரல் 6 அன்று தொடங்கியது. ஒலிநாடாத் துண்டுகளை வளையங்களாக ஒட்டிச் சுழலவிட்டு, அவற்றின் ஓசைகளைக் கலந்து, தம்பூராவின் ஒலியைப் பின்னே நிறுத்தி அப்பாடலை அமைத்தனர். இரண்டுக்கும் இடையே மூன்றாண்டும் சில வாரங்களுமே கழிந்திருந்தன. முன்னதைக் கேளாமல் பின்னதை மட்டும் கேட்பவனுக்கு அது வியப்பான ஓர் ஓசை. இரண்டையும் வரிசையில் கேட்பவனுக்கு அது நால்வரின் உழைப்பு.

'நலிந்த தட்டுகளையும் கேட்டாக வேண்டுமா?' என்பர் சிலர். கேட்டாக வேண்டும். 1964 ஜூலையில் வந்த 'எ ஹார்ட் டேஸ் நைட்' தொகுதியின் பதின்மூன்று பாடல்களும் லெனனும் மெக்கார்ட்னியும் இயற்றியவை. அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று வந்த 'பீட்டில்ஸ் ஃபார் சேல்' தொகுதியிலோ, பதினான்கில் ஆறு மீண்டும் பிறர் பாடல்கள். அந்த ஆண்டு முழுதும் ஊர் ஊராக, நாடு நாடாக மேடையேறிய களைப்பு அதில் ஒலிக்கிறது. தொகுப்பாளர்கள் அத்தட்டிலிருந்து அதிகம் எடுப்பதில்லை. ஆனால் ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1965 டிசம்பர் 3 அன்று, 'ரப்பர் சோல்' வெளிவருகிறது. ஆறு தந்திக் கித்தாரோடு சித்தாரும் கேட்கிறது. காதலனின் கூவல் குறைந்து, மனிதனின் சிந்தனை பாட்டில் ஏறுகிறது. சோர்வைக் கேளாத செவிக்கு இந்த எழுச்சியின் அளவு எப்படிப் புரியும்? பள்ளத்தைக் காணாதவன் மலையின் உயரத்தை எதைக்கொண்டு அளப்பான்?

பொறுக்கிக் கேட்பதால் விளையும் தீங்கு இரசனைக் குறைவோடு நிற்பதில்லை. அது நீதிக் குறைவாகவும் ஆகிறது. நால்வருள் இளையவர் ஹாரிசன். அவர் இயற்றிய முதற்பாடல் இரண்டாம் தொகுதியாகிய 'வித் த பீட்டில்ஸ்' தட்டில் இடம்பெற்றது. அதற்கடுத்த இரு தொகுதிகளில் அவருடைய பாடல் ஒன்றுகூட இல்லை. 'ஹெல்ப்' தட்டில் இரண்டு, 'ரப்பர் சோல்' தட்டில் இரண்டு, 'ரிவால்வர்' தட்டில் மூன்று என அவர் மெல்ல மெல்ல இடம்பிடித்தார். 1966 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்து பண்டிட் ரவிசங்கரிடம் சித்தார் பயின்றார். 1967இல் இந்திய இசைக் கருவிகளை முதன்மையாகக் கொண்டு ஒரு பாடலை உருவாக்கினார். 1968 ஜனவரியில் பம்பாய் நகரிலேயே ஒரு பாடலுக்கு இசை பதிவு செய்தார். 1969இல் வந்த 'ஆபி ரோடு' தொகுதியின் 'சம்திங்', 'ஹியர் கம்ஸ் த சன்' என்னும் இரு பாடல்களும் இந்த ஆறாண்டுத் தவத்தின் பயன்.

இவ்வுழைப்பைப் பொறுக்கு தொகுப்புகள் என்ன செய்தன? 1962 முதல் 1966 வரையிலான காலத்துக்கென 1973இல் வெளியான சிவப்பு உறைத் தொகுப்பில் இருபத்தாறு பாடல்கள். அவற்றுள் ஹாரிசன் இயற்றியது ஒன்றும் இல்லை. அக்காலத்திற்குள் அவர் எட்டுப் பாடல்களைத் தந்திருந்தார். 2023இல் அத்தொகுப்பை விரிவாக்கியபோதுதான் அவருடைய பாடல்கள் அதில் இடம்பெற்றன. 2000ஆம் ஆண்டில் வெளியாகி உலகெங்கும் விற்பனையான '1' என்னும் தொகுப்பில் இருபத்தேழு பாடல்களுள் ஒன்றே அவருடையது. அத்தொகுப்பின் அளவுகோல் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றமை. அதாவது, அங்கே தேர்வு செய்பவன் இசையறிஞன் அல்லன், கடைத்தெரு. அதைக் கேட்டுவிட்டு 'ஹாரிசன் சிறுபங்காளி' என்று தீர்ப்புக் கூறுவோர், தம் செவியால் தீர்ப்புக் கூறவில்லை என்பதை உணர்தல் வேண்டும்.

வரிசையைச் சிதைப்பதால் வரும் கேட்டுக்கு மற்றொரு சான்று அமெரிக்காவில் கிடைக்கிறது. அங்கே இக்குழுவின் தட்டுகளை வெளியிட்ட கேப்பிடல் நிறுவனம், இங்கிலாந்தில் வந்த தொகுதிகளை அப்படியே வெளியிடவில்லை. பாடல்களைப் பிரித்தது, மாற்றியது, மிஞ்சியவற்றைக் கொண்டு புதுத் தொகுதிகளையும் ஆக்கியது. 1966இல் 'ரிவால்வர்' அங்கே வந்தபோது பதினான்கு பாடல்களுள் மூன்று இல்லை. அம்மூன்றும் லெனன் முதன்மையாக இயற்றிப் பாடியவை. முன்னரே வேறொரு தட்டில் சேர்த்து விற்கப்பட்டவை. இங்கிலாந்துத் தட்டில் ஐந்து பாடல்களோடு விளங்கிய லெனன், அமெரிக்கத் தட்டில் இரண்டாகச் சுருங்கினார். அத்தட்டை வாங்கியோர் ஒரு கலைஞனின் அவ்வாண்டு உழைப்பைப் பாதிக்கு மேல் குறைத்தே கேட்டனர். குறைந்ததை அறியாமலும் இருந்தனர். 1987இல் குறுந்தட்டுகள் வந்தபோதுதான் இங்கிலாந்து வரிசை உலகுக்கெல்லாம் பொதுவாயிற்று. வணிகர் கலைத்துப்போட்ட வரிசையை வணிகரே மீட்டுத் தந்த பின்னர், சுவைஞர் அதைத் தாமாகவே கலைத்துக்கொள்வது எவ்வகை அறிவு?

தொகுதிகளை மட்டும் கேட்டால் போதும் என்பாரும் உளர். அவரும் பாதி வழியில் நின்றவரே. 'ஷி லவ்ஸ் யூ' என்னும் 1963ஆம் ஆண்டுப் பாடல், இங்கிலாந்தில் வந்த அவர்களுடைய அசல் தொகுதி எதிலும் இல்லை, அது தனித்தட்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1960களில் மலாய் இளைஞர்கள் வளர்த்த 'பாப் யே யே' இசைக்குப் பெயர் வந்ததே அப்பாட்டின் கூவலிலிருந்துதான் என்பர். ஒரு நிலப்பரப்பின் இசைக்குப் பெயர் கொடுத்த பாட்டை விட்டுவிட்டு, முழுதும் கேட்டதாகச் சொல்ல முடியுமா? 1967 பிப்ரவரியில் வந்த 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்', 'பென்னி லேன்' என்னும் இரு பாடல்களும் அத்தகையவையே. மேடையைத் துறந்து பதிவுக்கூடத்தில் புகுந்த குழுவின் புதுக்குரல் முதலில் கேட்டது அவற்றில்தான். அவற்றை அவற்றின் இடத்தில் வைத்துக் கேட்டால்தான், சில மாதங்களில் வந்த 'சார்ஜன்ட் பெப்பர்' வானத்திலிருந்து விழுந்ததன்று என்பது விளங்கும்.

வரிசை என்பது தேதியைப் பார்த்துத் தட்டை எடுக்கும் எந்திரச் செயலும் அன்று. கடைசியாக வெளிவந்தது 'லெட் இட் பீ'. தேதி 1970 மே 8. ஆனால் அதன் பெரும்பகுதி 1969 ஜனவரியில், நால்வருக்குள் பிளவு முற்றிய நாள்களில் பதிவானது. அம்மாதம் 10ஆம் நாள் ஹாரிசன் குழுவை விட்டு வெளியேறிச் சில நாள் கழித்தே திரும்பினார். அதற்குப் பின்னர் உருவாகி, முன்னர் வெளிவந்தது 'ஆபி ரோடு'. வெளியீட்டு வரிசையில் கேட்பவனுக்குக் கதை கசப்பில் முடிகிறது. பதிவு வரிசையில் கேட்பவனோ, பிளவுக்குப் பின்னும் நால்வர் கூடி, ரிங்கோவின் முழவும் மற்ற மூவரின் கித்தார்களும் முறைவைத்து ஒலிக்க விடைபெற்றதைக் கேட்கிறான். முன்னது உலகம் கேட்ட வரிசை. பின்னது அவர்கள் உழைத்த வரிசை. கலைஞரை அறிய விழைவோன் உழைத்த வரிசையைக் கைக்கொள்வதே முறை.

'ஒவ்வொரு பாட்டும் தனித்து நிற்கும் ஆற்றல் உடையது. அதற்கு முன்பின் எதற்கு?' என்பது எதிர்வாதங்களுள் வலிமையானது. அதில் உண்மை உண்டு. ஒரு பாட்டின் இனிமையை நுகர வரலாறு வேண்டா. வானொலியில் தற்செயலாக வந்த ஒரு பாட்டுக்கு உருகியவனை எவரும் குறைகூறார். ஆனால் நுகர்தல் வேறு, மதிப்பிடுதல் வேறு. 'இக்குழு உயர்ந்தது', 'அக்குழு தாழ்ந்தது', 'இவர் மேதை', 'அவர் துணைவர்' என்று தீர்ப்புக் கூறத் துணிந்தவன், வழக்கை முழுதும் கேட்கும் கடமையையும் ஏற்கிறான். சாட்சிகளுள் சிலரை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதும் நடுவரை உலகம் ஒப்புமா?

இக்காலத்துக் கருவிகள் இக்கடமையை இன்னும் எளிதில் மறக்கச் செய்கின்றன. பீட்டில்ஸ் பாடல்கள் 2015 டிசம்பர் முதல் இணைய ஒலிபரப்புச் சேவைகளில் கிடைக்கின்றன. கைப்பேசியில் விரலசைத்தால் முழுத் தொகுதியும் வரிசையாக வரும். அதே விரலசைவில் எல்லாம் குலைந்து கலந்தும் வரும். 2021இல் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதன்பேரில், தொகுதிப் பக்கங்களில் பாடல்களைக் கலைத்துப்போடும் பொத்தான் முதன்மையாக நின்ற நிலையை ஸ்பாட்டிஃபை மாற்றியது. பாடியவரே வந்து 'நான் அடுக்கிய வரிசையில் கேளுங்கள்' என்று வேண்டும் நிலை வந்தது கேட்போருக்குப் பெருமையன்று.

பொறுக்கிக் கேட்கும் பழக்கம் இளையோர்க்குக் கற்பிப்பது, மேதைமை பிறவியில் வருவது, முயற்சிக்கு அங்கே வேலையில்லை என்பதே. பதின்மூன்று தட்டுகளும் வரிசையில் கற்பிப்பதோ இதற்கு நேர்மாறானது. பிறர் பாட்டைப் பாடித் தொடங்கியவர்கள், களைத்தவர்கள், மீண்டவர்கள், ஒருவரையொருவர் வெறுத்த நாளிலும் தாளம் தவறாதவர்கள் இந்நால்வர். ஆறாண்டு பின்வரிசையில் நின்றவர் ஒருநாள் முன்வந்து அனைவரினும் இனிய பாட்டைத் தந்தார். இதனைக் கேட்டறிந்த இளைஞன் தன் முதல் முயற்சி நலிந்ததென்று பேனாவையோ கித்தாரையோ கீழே வைத்துவிட மாட்டான்.

ஆகவே, பீட்டில்ஸ் குழுவை விரும்புவதாகச் சொல்வோர், சிறந்த பாடல்களின் தொகுப்பை ஒருபுறம் எடுத்துவைத்துவிட்டு, 1963ஆம் ஆண்டின் அந்த முதல் தட்டிலிருந்து தொடங்கட்டும். நாளுக்கு ஒரு தட்டாகக் கேட்டாலும், தனித்தட்டுப் பாடல்களையும் சேர்த்து, மூன்று வாரத்திற்குள் முடிந்துவிடும். அதன்பின் தமக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று அவர்கள் சொல்லலாம். அப்போது அது அவர்களுடைய சொந்தத் தீர்ப்பாக இருக்கும்.