வினைச்சொல் யாருடையது?

வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் வழக்கமாக மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். படம் எப்படி இருக்கிறது, கதை எப்படிப் போகிறது, கொடுத்த காசுக்கு எத்தனை மணி நேரம் தாங்கும். மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவர்களுக்கு நான்காவதாக ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். விளையாடுகிறவரின் விரல் என்ன செய்கிறது? திரையில் தெரிவதெல்லாம் பெயர்ச்சொல்: கோட்டை, அரக்கன், திரிசூலம், கடவுள். பட்டனை அழுத்தும்போது நடப்பதுதான் வினைச்சொல்: அடி, தாவு, உருள், தப்பு. பெயர்ச்சொற்களை எந்த ஊரிலிருந்தும் வாங்கிவந்து அடுக்கிவிடலாம். ஒரு விளையாட்டு எந்த மொழியில் பேசுகிறது என்பதைக் காட்டிக்கொடுப்பது அதன் வினைச்சொல்தான்.

இந்த அளவுகோலை உள்ளூர்ச் சரக்கிலிருந்து தொடங்குவதுதான் முறை. நான் இருப்பது நிக்டியில். புனேயின் இந்த வடமேற்கு ஓரத்துக்குத் தொழிற்சாலை வேலை தேடி வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அப்பாக்கள் லேத் ஓட்டினார்கள், பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலருக்காவது விளையாட ஆசை இருந்தது போய் விளையாட்டை உருவாக்கும் ஆசை வந்திருக்கிறது என்றால், அதற்கு ஒரு காரணம் இதே புனேயில் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் (தஞ்சாவூர்க்காரர்களுக்கு உடனே தலையாட்டி பொம்மை ஞாபகம் வரும்) தயாரித்த 'ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்'.

2017இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பொதுமக்களிடம் பணம் திரட்டப் பார்த்துத் தோற்றவர்கள் இவர்கள். பிறகு எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் உதவித்தொகை கிடைத்தது. 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்சிலும் அக்டோபரில் கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸிலும் ராஜி வெளியானது. அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பட்டியலில் இடம்பிடித்தது. விருது கிடைக்கவில்லை. கையில் காசில்லாத குழு இவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்று இங்கே பலரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். தட்டிக்கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டதுதான் அந்தக் குழுவுக்குச் செய்த அநியாயம். அவர்களை மற்ற நாட்டுக்காரர்களோடு சமமாக உட்காரவைத்து யாராவது விமர்சித்திருக்க வேண்டும்.

ரக்ஷா பந்தன் நாளில், சர்க்கஸ்காரப் பெண் ராஜியின் தம்பி கோலுவை அரக்கர்கள் தூக்கிச் செல்கிறார்கள். (கோலு என்றால் வடக்கே கொழுகொழு பையனின் செல்லப் பெயர். நமக்கோ நவராத்திரிப் படிகள்தான் நினைவுக்கு வருகின்றன.) துர்க்கை திரிசூலம் தருகிறாள். விஷ்ணுவின் சார்ங்க வில் கைக்கு வருகிறது. ராஜஸ்தானக் கோட்டை மாடங்கள், பஹாடி ஓவியங்களின் நிறங்கள், நடுநடுவே கதை சொல்லும் நிழல்பாவைக் காட்சிகள் என்று கண்ணுக்குக் குறைவே இல்லை. ஒரு மண்டபத்தைக் கடக்கும்போது சண்டை போட மறந்து சுவரோவியங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். நான் நின்றேன்.

விரலுக்குத்தான் புதிதாக வேலை இல்லை. சுவரில் ஓடு, தூணில் சுழல், விளிம்பில் தொங்கு, வளைத்து அடி. 2003இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த வினைச்சொற்கள் இவை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவைப் புதுப்பித்துத் தரும் பொறுப்பை யூபிசாஃப்ட் ஒப்படைத்தது தன் புனே, மும்பை ஸ்டூடியோக்களிடம். ராஜி வெளியான அடுத்த மாதமே, 2020 செப்டம்பரில், அறிவிப்பும் வந்தது. முன்னோட்டத்தைப் பார்த்த ரசிகர்கள் படம் மங்கல் என்று கேலி செய்தார்கள். தேதி தள்ளிப்போனது. 2022இல் வேலையையே மாண்ட்ரியலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரே ஊரில் ஒரு குழு இளவரசனைச் சம்பளத்துக்குப் புதுப்பித்துக்கொண்டிருக்க, இன்னொரு குழு அதே இளவரசனுக்குப் பாவாடை கட்டி அழகு பார்த்திருக்கிறது.

ராஜியில் என்னை உறுத்தியது அரக்கர்கள் சாகும் விதம். மூன்று அடி, நாலு அடி, விழுந்தான். நம் புராணத்தில் எந்த அசுரனாவது அடி தாங்காமல் செத்திருக்கிறானா? ஒவ்வொருவனும் ஒரு வரத்தோடு வருகிறான். இரணியனுக்கு உள்ளேயும் சாவில்லை, வெளியேயும் சாவில்லை. பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை. மனிதனாலும் இல்லை, மிருகத்தாலும் இல்லை. அந்த வரத்தின் வாசகத்தில் ஓட்டை கண்டுபிடித்து, வாசற்படியில், அந்திப் பொழுதில், நரசிம்மமாக வந்தால்தான் முடியும். சட்டம் வாசிக்கிறவனின் புத்தி அது. விதியும் விதியின் சந்தும்தான் விளையாட்டு என்றால், இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் சொல்லிவருவதெல்லாம் வீடியோ கேம்தான். எதிரியின் வரத்தைக் கேட்டு, அதன் ஓட்டையைத் தேடும் ஒரு ஆக்‌ஷன் விளையாட்டை ஏன் யாரும் செய்யவில்லை? அரக்கனை எடுத்துக்கொண்டார்கள், வரத்தை விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று. ராஜியின் கதையை விஷ்ணுவும் துர்க்கையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். பின்னால் வந்த மேம்படுத்திய பதிப்பில் இந்திக் குரலும் சேர்ந்தது. குரல் எந்த மொழியில் இருந்தாலும் தொனி ஒன்றுதான்: கோயில் வாசலில் வெளிநாட்டுப் பயணிக்கு இவர் யார், அவர் யார் என்று விளக்கும் கைடின் தொனி. கடவுளே கைடாக வந்தால் மறுக்க முடியாதுதான். ஆனால் அந்த விளக்கம் எனக்காகச் சொல்லப்படவில்லை என்பது மட்டும் விளங்கிவிடுகிறது.

விளக்காமல் இருக்க முடியும் என்பதைச் சீனாக்காரர்கள் காட்டினார்கள். கேம் சயன்ஸ் நிறுவனத்தின் 'பிளாக் மித்: வூகோங்' 2024 ஆகஸ்ட் 20 அன்று வெளியாகி மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற 16ஆம் நூற்றாண்டு நாவலின் குரங்கு வீரன் சன் வூகோங்கின் கதையைத் தொடர்ந்து செல்லும் ஆக்‌ஷன் விளையாட்டு. நாவலில் வரும் துறவி வேறு யாருமல்ல, 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங்தான். காஞ்சிபுரத்துக்கும் வந்தார், மராட்டிய நாட்டுக்கும் வந்தார், புலிகேசியைப் பற்றி எழுதிவைத்தார். குரங்கு வீரனுக்கு மூலம் நம் அனுமன்தான் என்று சீன அறிஞர் ஹூ ஷி 1923இல் வாதாடினார். இல்லை, சீனத்து நீர்ப்பூதம் ஒன்றுதான் என்றார் லூ ஷுன். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

எனக்கு முக்கியம் வேறு. நாவலில் வூகோங் உடம்பிலிருந்து முடியைப் பிடுங்கினால் அது ஒரு குரங்குப் படையாகும். விளையாட்டிலும் அதுதான் பட்டன். நாவலில் அவன் தடி நீளும், குறுகும். விளையாட்டில் தடியைச் செங்குத்தாக ஊன்றி அதன் உச்சியில் ஏறி நின்றுகொண்டு எதிரியை ஏமாற்றலாம். உரு மாறுவதும் அப்படியே. வினைச்சொல்லைப் புத்தகத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பதிப்பில்கூட டிராகன் என்று எழுத மறுத்து 'லூங்' என்றே வைத்திருக்கிறார்கள். பூதங்களுக்குச் சீனப் பெயர்தான். தெரியாதவன் தெரிந்துகொள்ளட்டும் என்ற திமிர் அது. தொழில்முறையில் எனக்கு அந்தத் திமிர் பிடித்திருக்கிறது. ஷான்சி மாநிலத்துப் பழங்கோயில்களை அளந்து படம் பிடித்துத் திரைக்குள் வைத்தார்கள். ஆட்டம் சூடு பிடித்ததும் நிஜக் கோயில்களுக்குக் கூட்டம் அலைமோதியது. குறை இல்லாமல் இல்லை. திறந்த வெளி போலக் காட்டிவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டவைக்கிறார்கள். பெரிய எதிரி, இன்னும் பெரிய எதிரி என்று வரிசை நீள்கிறபோது கட்டைவிரல் மரத்துப்போகிறது.

ரோல்-பிளேயிங் வகையில் வினைச்சொல்லை இன்னும் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் செக் நாட்டு வார்ஹார்ஸ் ஸ்டூடியோவினர். 1403இல் பொஹீமியாவில் ஒரு கொல்லன் மகனின் கதை 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்'. 2018இல் வந்த முதல் பாகத்தில் கதாநாயகனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் குழம்பித் தெரியும். ஒரு எழுத்தரைத் தேடிப் போய்ப் படித்துக்கொள்ள வேண்டும். நூறு பேரை வெட்டிச் சாய்ப்பதைவிட, கலைந்து கிடந்த வரி ஒன்று மெல்லப் புரியத் தொடங்கும் அந்த நேரம் சாகசமாக இருக்கிறது. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் பட்டறையில் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் வேலையும் சேர்ந்திருக்கிறது. கொல்லன் மகன் என்று சொல்லிவிட்டு வாள் மட்டும் கொடுத்தால் போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழுக்கு இந்த அதிர்ஷ்டம் ஒரு முறை அடித்திருக்கிறது, அதுவும் டொரான்டோவில். 2023 ஜூலை 31இல் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா' ஆக்‌ஷனும் இல்லை, ரோல்-பிளேயிங்கும் இல்லை. சமையல். 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்ப் பெண் வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். யாப்பிலக்கண வகுப்பில் நேரிசை, இன்னிசை என்று தலையை உடைத்துக்கொண்ட எனக்கு, வெண்பா என்ற பெயரில் ஒரு வீடியோ கேம் வரும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எண்ணெய் பட்டு, பாதி அழிந்திருக்கிறது. அழிந்த வரியை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும் என்பதுதான் புதிர். விரல் செய்கிற வேலையும் கதை சொல்கிற சேதியும் ஒன்றாகிவிடுகின்றன. தாய்மொழி மங்கிவரும் மகனுக்கு அம்மாவின் தமிழ் அரைகுறையாகவே பிடிபடுகிறது. அந்தக் குழப்பத்தோடுதான் நாமும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் தினசரித் துன்பத்தை இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மொத்தமே ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடுகிறது. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது இதற்குத்தான் போனது.

பெரிய பணம் இருந்தால் இதெல்லாம் நடக்கும் என்பவர்கள் வெண்பாவின் அளவைப் பார்க்கட்டும். மறுபடியும் புனேக்கு வந்தால், இங்குள்ள சூப்பர்கேமிங் நிறுவனம் 2024 அக்டோபரில் 'இண்டஸ்' என்ற மொபைல் ஆட்டத்தை வெளியிட்டது. பப்ஜி வகை. பப்ஜியை 2020 செப்டம்பரில் அரசு தடை செய்தபோது காலியான நாற்காலிக்குப் போட்டியிட்டவர்களில் இவர்களும் உண்டு. சர்-தாஜ், மோர்னி பாய் என்று பாத்திரங்களுக்குப் பெயர். தாஜ்மகாலுக்கும் மயிலுக்கும் கைகால் முளைத்து ஓடிவந்தது போலிருக்கிறது. பெயர்ச்சொல் மோகம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் ஒரு இடத்தில் இலக்கணத்தில் கை வைத்திருக்கிறார்கள். கடைசி ஆளாக மிஞ்சுகிறவர் ஜெயிப்பார் என்பது இந்த வகையின் மாறாத விதி. இண்டஸில் காஸ்மியம் என்ற ஒரு பொருளைக் கைப்பற்றிவிட்டாலும் ஜெயிக்கலாம். ஒளிந்து உட்கார்ந்திருந்தவனும் வெளியே ஓடிவர வேண்டியிருக்கிறது. சின்ன மாற்றம்தான், ஆனால் ராஜியின் எல்லா மாடங்களையும்விட அசலானது.

நிக்டியில் பக்தி-சக்தி சௌக் என்று ஒரு சந்திப்பு. துகாராமும் சிவாஜியும் சந்திக்கும் சிலை அங்கே நிற்கிறது. மராட்டியத்தில் வீடியோ கேம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் சிவாஜி பக்கம்தான் கை காட்டுகிறார்கள்: குதிரை, வாள், கோட்டை. ஆனால் ஆண்டுதோறும் துகாராமின் பல்லக்கு தேஹுவிலிருந்து பண்டரிபுரம் நோக்கிப் புறப்பட்டு இந்தச் சந்திப்பைக் கடக்கும்போது, வாரகரிகள் செய்வது ஒரே ஒரு வேலை. நடக்கிறார்கள். பாடிக்கொண்டு, நாட்கணக்கில் நடக்கிறார்கள்.

ரோல்-பிளேயிங் என்பதற்கு நம்மிடம் புதுச்சொல் தேவையில்லை, வேடம் கட்டுதல் என்று கூத்துக்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் அர்ச்சுனன் தபசு நடக்கும். நடுத்திடலில் உயரமான தபசு மரம் நட்டிருப்பார்கள். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுகிறார். ராஜியும் ஏறுகிறாள், பெர்ஷிய இளவரசனும் ஏறுகிறான். அவர்களுக்கு அது அடுத்த இடத்துக்குப் போகும் வழி. இவருக்கு ஏறுவதே தவம், ஒரு படிக்கு ஒரு பாட்டு. உச்சிக்குப் போனதும் மேலிருந்து எலுமிச்சம் பழமும் வில்வ இலையும் வீசுவார். கீழே பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் முந்தானையை விரித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பழம் யார் மடியில் விழும் என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். செஞ்சி, திண்டிவனம் பக்கம் பங்குனிக்கு மேல் ஆடி வரை திருவிழாக் காலம். புனேயிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி ரயில்தான். அங்கிருந்து பஸ் இருக்கிறது.