கொத்தனார் கரண்டி முதல் சர்ஜன் கத்தி வரை... கொல்லிமலைச் சிறுவனின் 23 வருடக் காத்திருப்பு!

கொல்லிமலையில் ஒரு மதிய நேரம். மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டின் வீட்டுக்குச் சிகிச்சைக்காகச் சிலர் ஏறி வருகிறார்கள். வழக்கமாக யார் வந்தாலும் வெறும் கையால் புண்ணைக் கழுவிக் கட்டுப்போடும் ஜெஸ்ஸி, அன்று மட்டும் கையுறை மாட்டிக்கொள்கிறார். வந்தவர்களுக்குத் தொழுநோய். விரல்கள் மடங்கி, சிலவற்றில் நுனியே இல்லை. குழந்தைகள் பக்கத்தில் போகக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு.

தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவனின் பெயர் பால். இந்தக் கைகளைத் தொடாதே என்று அன்று தடுக்கப்பட்ட அதே சிறுவன்தான், பின்னாளில் ஆயிரக்கணக்கான தொழுநோயாளிகளின் கைகளைப் பிடித்துப் பார்த்து, மடங்கிய விரல்களை நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

ஆனால், அந்த மலையிலிருந்து இறங்கி, வேலூர் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்து சேர அவருக்கு 23 வருடங்கள் பிடித்தன. நடுவில் அவர் செய்த வேலைகளைப் பார்த்தால், 'இவருக்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்றுதான் கேட்கத் தோன்றும்.

கப்பலில் வந்த கடிதம்

பால் பிறந்தது 1914 ஜூலை 17. வளர்ந்தது கொல்லிமலையில். அப்பா ஜெஸ்ஸிக்குக் கட்டட வேலை தெரியும். மிஷனரியாகக் கிளம்பும் முன் லண்டனில் ஓராண்டு வெப்பமண்டல நோய்களுக்கான அடிப்படைப் பயிற்சியும் எடுத்திருந்தார். மலையில் வீட்டைத் தானே கட்டினார். பள்ளிக்கூடம், மரவேலை, விவசாயம், வைத்தியம் என்று எல்லாவற்றிலும் கை வைத்தார். அம்மா எவலின், லண்டனின் வசதியான குடும்பத்தில் பிறந்து மலேரியா மலையைத் தேர்ந்தெடுத்தவர்.

1923-ல் ஒன்பது வயது பாலையும் தங்கை கானியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, பெற்றோர் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். மரத்திலேயே ஏறி உட்கார்ந்து பாடம் படித்த பையனுக்கு லண்டன் வீடு ஒரு கூண்டு போல இருந்தது. அப்பாவின் கடிதங்கள்தான் ஆறுதல். மலையின் மரங்கள், பூச்சிகள், பறவைகள் என்று பக்கம் பக்கமாக வரும்.

1929 ஜூன் மாதம் தந்தி வந்தது. கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துவிட்டார். பாலுக்கு அப்போது 15 வயதுகூட நிறையவில்லை. தந்தி வேகமாக வந்துவிட்டது. கடிதங்கள் கப்பலில்தானே வர வேண்டும்? அப்பா இறந்த செய்திக்குப் பிறகும், அவர் உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஆறு வருடமாகப் பார்க்காத அப்பாவை இனி பார்க்கவே முடியாது.

அம்மா இங்கிலாந்து வந்தபோது மகனுக்கு அடையாளமே தெரியவில்லை. துக்கமும் காய்ச்சலும் அவரை அந்த அளவுக்குத் தளர்த்தியிருந்தன. ஆனாலும் அவர் மறுபடியும் மலைக்கே கிளம்பிப் போனார்.

டாக்டர் மட்டும் வேண்டாம்!

அப்பாவைப் போல மிஷனரியாக வேண்டும் என்ற எண்ணம் பாலிடம் இருந்தது. ஆனால், மருத்துவம் மட்டும் வேண்டவே வேண்டாம். சின்ன வயதில் பார்த்த சீழும் ரத்தமும் அவருக்கு அருவருப்பை உண்டாக்கியிருந்தன. மருத்துவம் படிக்க வைக்க உறவினர் முன்வந்தபோதும் மறுத்துவிட்டார்.

'மலையில் அப்பா என்ன செய்தார்? வீடு கட்டினார், பள்ளிக்கூடம் கட்டினார். நானும் கட்டுவேன்' என்று 16 வயதில் கட்டட வேலை கற்கப் போனார். நான்கைந்து வருடங்கள் செங்கல் அடுக்கினார், கலவை பூசினார், மரம் இழைத்தார், கல் கொத்தினார். கொத்தனார் கரண்டியும் தூக்குக்குண்டும் உளியும் ரம்பமும்தான் அவருடைய இளமை.

கடவுள் தன்னை ஒரு வேலைக்கு அழைத்திருக்கிறார் என்று நம்பும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய சோதனை! வயது ஏறுகிறது. கூடப் படித்தவர்கள் எங்கோ போய்விட்டார்கள். அழைப்பு உண்மையென்றால் கதவு ஏன் திறக்கவில்லை? கிறிஸ்தவக் குடும்பங்களில் ஊழியத்துக்கென்று தீர்மானம் எடுத்துவிட்டு, ஃபீஸ் கட்டவும் தங்கை கல்யாணத்துக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் எத்தனையோ இளைஞர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

பைபிளிலும் இந்தக் கேள்விக்குச் சொந்தக்காரர்கள் நிறைய பேர். மோசே 40 வருடம் மீதியான் தேசத்தில் ஆடு மேய்த்தார். கனவு கண்ட யோசேப்பு, அரண்மனைக்கு முன்னால் சிறைக்குப் போனார். ராஜாவாக அபிஷேகம் செய்யப்பட்ட தாவீது, சிம்மாசனத்தில் உட்காரும் முன் குகை குகையாக ஒளிந்தார். அழைப்புக்கும் அது நிறைவேறும் நாளுக்கும் நடுவே இருக்கும் காலத்தைத்தான் 'புடமிடப்படுதல்' என்று சபைகளில் சொல்கிறார்கள். தங்கம் நெருப்பில் இருக்கும்போது அது நகையாகப் போகிறது என்று தங்கத்துக்குத் தெரியாது.

உதட்டில் திரும்பிய நிறம்

மிஷனரி வேலைக்குத் தயாராவதற்காக, அப்பா படித்த அதே லிவிங்ஸ்டன் கல்லூரியில் பால் ஓராண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தார். முதலுதவி, வெப்பமண்டல நோய்கள், சின்னச் சின்ன சிகிச்சைகள். அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தார்.

ஒருநாள், விபத்தில் ரத்தமிழந்த ஓர் இளம்பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். முகம் மெழுகு போல வெளிறிக் கிடந்தது, நாடி கிடைக்கவில்லை. ரத்தம் ஏற்றத் தொடங்கினார்கள். பக்கத்தில் இருந்த பால் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தில் நிறம் வந்தது. உதடு சிவந்தது. அந்தப் பெண் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

எந்த ரத்தத்தைப் பார்த்து இத்தனை வருடம் ஒதுங்கினாரோ, அதே ரத்தம் ஒரு உயிரைத் திருப்பித் தந்ததை அன்று கண்ணால் பார்த்தார். 1937-ல், 23 வயதில், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவப் படிப்பில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தார்.

அப்போதும் உடனே கதவு திறக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது. குண்டு விழுந்த லண்டனில் காயம்பட்டவர்களுக்கு இரவும் பகலும் சிகிச்சை. உடன் படித்த மார்கரெட்டை 1943-ல் திருமணம் செய்தார். அறுவை சிகிச்சையில் எஃப்.ஆர்.சி.எஸ் தகுதியும் பெற்றார்.

அந்த நேரத்தில் வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிஎம்சி கல்லூரி, எம்.பி.பி.எஸ் பட்டப்படிப்புக்குத் தரம் உயர வேண்டிய கட்டாயத்தில் இருந்தது. உயர் தகுதியுள்ள பேராசிரியர்கள் தேவைப்பட்டார்கள். தொழுநோய் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான டாக்டர் ராபர்ட் காக்ரேன் பாலை அழைத்தார். 1946-ல் பால் மறுபடியும் தமிழ் மண்ணில் கால் வைத்தார். மனைவியும் குழந்தைகளும் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார்கள்.

ஒரு கைகுலுக்கல்

செங்கல்பட்டில் காக்ரேன் நடத்திவந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு ஒருநாள் பால் போனார். வழியெங்கும் கும்பிடும் கைகள். பாதிக்கு மேல் மடங்கிய விரல்கள். எலும்பு மருத்துவர்கள் யாரும் ஏன் இந்தக் கைகளைக் கவனிக்கவில்லை என்ற கேள்வி அங்கே எழுந்தது. அன்றைக்கு அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

கை மடங்கிப்போன ஓர் இளைஞரிடம், தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பால். பலவீனமான பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி தாங்கவில்லை. அவ்வளவு பலம்! அப்படியென்றால் அந்தக் கையில் எல்லாத் தசைகளும் சாகவில்லை. சில நரம்புகள் செயலிழந்துவிட்டன. மற்றவை நன்றாகவே இருக்கின்றன.

நோயாளிகளின் கைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தார்கள். எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரியான பாதிப்பு. விரலை மடக்க ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு தசைநாண்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து, வேறு வழியாகக் கொண்டுபோய், செயலிழந்த தசையின் வேலையை அதற்குக் கொடுத்தால்? 1948-ல் அந்த முயற்சி தொடங்கியது. பிளாஸ்டர் கட்டுக்குப் பிறகு, பல வாரப் பயிற்சியில் மூளை புது வழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். மடங்கிய விரல்கள் மெல்ல நிமிர்ந்தன.

வீணாகாத வருடங்கள்

கதை இங்கே முடிந்திருந்தால், 'மருத்துவம் படித்தார், சாதித்தார்' என்று போயிருக்கலாம். முடியவில்லை. குணமாகி ஊருக்குப் போனவர்கள் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். தழும்பைப் பார்த்து யாரும் வேலை தரவில்லை. கை நன்றாக இருப்பதால் பிச்சையும் முன்போல விழவில்லை! ஆபரேஷன் செய்த டாக்டரின் முகத்தில் அறைந்தது போன்ற உண்மை அது. விரல் நிமிர்ந்தால் போதாது, அந்த விரலுக்கு ஒரு தொழில் வேண்டும்.

அப்போதுதான் பழைய உளியும் ரம்பமும் வெளியே வந்தன.

1951-ல் வேலூரில் நவஜீவ நிலையம் உருவானது. மண் சுவர்க் குடிசைகள். நோயாளிகளும் சேர்ந்து கட்டினார்கள். அங்கே ஒரு மரவேலைப் பட்டறை. மரப் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தவர் சாட்சாத் சர்ஜன் பால் பிராண்டேதான். லண்டனில் வீணாய்ப் போனதாகத் தோன்றிய கட்டட வருடங்கள், வேலூரில் சிலருக்குச் சோறு போட்டன.

பட்டறை இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்றுதான் அதுவரை பலரும் நம்பினார்கள். ஆனால், சுத்தியல் பிடித்தவர்களின் கையில் புண் ஏன் வருகிறது, எந்த இடத்தில் வருகிறது என்று தினமும் கவனித்தபோது காரணம் புரிந்தது. வலி தெரியாததால் அவர்கள் தேவைக்கு மேல் அழுத்திப் பிடிக்கிறார்கள். சிராய் குத்தினாலும் தெரியவில்லை. முன்பு ஒருநாள், துருப்பிடித்த பூட்டில் பால் திருப்ப முடியாத சாவியை ஒரு சின்னப் பையன் சுலபமாகத் திருப்பிவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு! இரவில் தூங்கும்போது எலி கடித்துக்கூடச் சிலருக்கு விரல் போனது. தடுக்கப் பூனை வளர்த்தார்கள்.

கைவிரலை இழக்க வைத்தது நோய் மட்டுமல்ல, வலியின்மையும்தான். தடுக்க முடியும்! கருவிகளின் கைப்பிடிகளை மாற்றினார்கள். காலுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்து பார்த்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகள் வாங்கும் எம்.சி.ஆர் செருப்புக்குப் பின்னால் அந்த வேலூர் முயற்சிகளுக்கும் பங்கு உண்டு. ஒரு சுத்தியலின் பிடி கையில் எப்படி உட்கார வேண்டும் என்பது மருத்துவப் புத்தகத்தில் இல்லை. வருடக்கணக்கில் சுத்தியல் பிடித்த கைக்குத்தான் அது தெரியும்.

காத்திருப்பு என்றால்...

பால் பிராண்டின் வாழ்க்கையை வைத்து, 'தாமதம் எல்லாமே நன்மைக்குத்தான்' என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அப்பாவின் மரணத்துக்கு அவருக்கு எந்த ஈடும் கிடைக்கவில்லை. மகன் திரும்பி வந்ததை ஜெஸ்ஸி பார்க்கவே இல்லை.

ஒன்றைச் சொல்லலாம். அவர் காத்திருந்த காலத்தில் சும்மா இருக்கவில்லை. செங்கல் அடுக்கச் சொன்னால் நேராக அடுக்கினார். மரம் இழைக்கச் சொன்னால் ஒழுங்காக இழைத்தார். எதற்கு என்று தெரியாமலேயே அன்றைய வேலையைச் சரியாகச் செய்தார். அந்த வேலைதான் அவரைப் புடம் போட்டது.

அம்மா எவலினின் கதையும் அதேதான். வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்த பிறகு, சொந்தப் பொறுப்பில் மறுபடியும் மலைக்கே போனார். கணவரோடு சேர்ந்து கனவு கண்ட மற்ற மலைகளுக்கு அவர் ஏறியது 70 வயதை ஒட்டித்தான்! 1974-ல் 95 வயதில் இறந்தார். கொல்லிமலை வாழவந்தியில் கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பால், வேலூரில் கற்றதை அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பாற்றவும் பயன்படுத்தினார். 2003-ல் காலமானார்.

நேர்காணலுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள், அழைப்பு இருந்தும் குடும்பத்துக்காக வேறு வேலையில் இருப்பவர்கள், 'என் முறை எப்போ வரும்?' என்று இரவில் ஜெபித்துவிட்டுப் படுப்பவர்கள்... இவர்களின் கையில் இன்று என்ன கருவி இருக்கிறதோ, அதை நன்றாகப் பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம். செங்கல்பட்டிலோ வேலூரிலோ அது யாருக்குத் தேவைப்படும் என்று செங்கல் அடுக்கிய 16 வயதுப் பையனுக்கும் அன்று தெரியாதுதானே!