வீட்டைக் காப்பது வேட்டுக் குழலா?



ஓசூர்ப் பகுதியிலே ஒரு பேச்சு உலவுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "ஊர் பெருத்துவிட்டது; எங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிகின்றனர். அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டால் திருடனைப் பிடிக்க முடியாது. எனவே வீட்டுக்கொரு துப்பாக்கி வேண்டும்" என்பது அந்தப் பேச்சு. அதுவும் பழைய இரட்டைக் குழல் போதாதாம்! ஒரு வேட்டு வெடித்ததும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஷாட்கன் வேண்டுமாம். குழலைக் குறுக்கி, முனையிலே விளக்கு மாட்டி, கட்டையை மாற்றித் தம் கைக்கேற்பச் செப்பனிட்டுக்கொள்ள வேண்டுமாம்!

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், தானே தோட்டா ஏற்றும் துப்பாக்கியைக் கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதங்களின் பட்டியலிலே வைத்திருக்கின்றன. அதற்கு மாவட்ட ஆட்சியரின் கையெழுத்துப் போதாது. டெல்லியிலே உள்துறை அமைச்சகம் அனுமதி தரவேண்டும். உரிமமின்றித் துப்பாக்கியின் குழலைக் குறுக்குவது, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 6ஆம் பிரிவின்படி குற்றம். உரிமமில்லாத் துப்பாக்கியை வைத்திருந்தாலே, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர், 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை. 'வீட்டுப் பாதுகாப்பு' என்று தொடங்கியவர், வீட்டை விட்டுச் சிறைக்குச் செல்ல வழி தேடுகிறார்!

"சட்டம் தடுக்கிறது, சரி, நியாயம் தடுக்கிறதா?" என்று கேட்பார்கள். தடுக்கிறது. துப்பாக்கியைப் பெட்டியிலே பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் வைத்தால், நள்ளிரவிலே வரும் திருடன் நாம் சாவி தேடும்வரை காத்திருக்கமாட்டான். தோட்டா ஏற்றித் தலைமாட்டிலே வைத்தாலோ, அது நம் கைக்கு எட்டுவதுபோல் குழந்தையின் கைக்கும் எட்டும். குடித்துவிட்டு வரும் மைத்துனனின் கைக்கும் எட்டும். வாழ்வு வெறுத்த ஒரு நொடியிலே வீட்டாரில் எவர் கைக்கும் எட்டும். துப்பாக்கி வைத்திருப்பதை 1791 முதல் உரிமையாகவே எழுதி வைத்திருக்கும் அமெரிக்காவைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டில் மட்டும் அங்கே துப்பாக்கியால் மாண்டோர் 48,000 பேருக்கு மேல். அவர்களிலே பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள்!

இந்தத் துப்பாக்கி யாரைக் குறி பார்க்கிறது என்பதையும் எண்ணுங்கள். "எங்கிருந்தோ வந்தவர்கள்" என்கிறார்களே, அவர்கள் யார்? சிப்காட் ஆலைகளிலே இரவு ஷிஃப்ட் முடித்து, வழி தெரியாத தெருவிலே அறையைத் தேடி நடக்கும் ஒடிசாக்காரர், பீகார்க்காரர், நம் தருமபுரியிலிருந்து வந்த தங்கை. இருட்டிலே கதவு தட்டப்படும்போது, தட்டுபவர் திருடரா, திக்கற்றவரா என்று துப்பாக்கி விசாரிக்காது.

"எல்லை தாண்டினால் பிடிக்க முடியாது" என்பதும் பொய். 2021 ஜனவரி 22 அன்று, ஓசூர் பாகலூர் சாலையிலே, முத்தூட் நிதி நிறுவனக் கிளையில் புகுந்த கும்பல், துப்பாக்கி முனையில் ஏறத்தாழ 25 கிலோ தங்க நகைகளைப் பட்டப்பகலில் அள்ளிச் சென்றது. எல்லையும் தாண்டிற்று. என்னவாயிற்று? மறுநாளே ஐதராபாத் அருகே பிடிபட்டது, நகைகளும் மீட்கப்பட்டன. நகைப் பையிலிருந்த ஜி.பி.எஸ். கருவி வழி காட்டிற்று. மாநிலங்களின் காவல் படைகள் கைகோத்தன. அன்று எதிரே ஒரு தனியார் துப்பாக்கி நீண்டிருந்தால், நகையோடு உயிர்களும் போயிருக்கும்.

தளியிலும் அஞ்செட்டியிலும் தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்திலும் நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் உழவரின் கதை வேறு. கேழ்வரகு முற்றும் பருவத்திலே பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கும். காட்டுப்பன்றி ஆண்டு முழுவதும் வரும். பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. அவருடைய தேவை மெய்யானது. பங்களாவாசியின் விருப்பத்தோடு அதை ஒன்றாக்கக் கூடாது. ஆனாலும் கள்ளத் துப்பாக்கி அவரையும் காப்பதில்லை: அது யானையை மறிக்காது, இருட்டிலே குறி தவறினால் பக்கத்துக் கொல்லைக்காரர் மீது பாயும், பிடிபட்டால் குடும்பத்தலைவர் சிறையிலே, நிலம் தரிசாக! அவருக்கு வேண்டியது அகழி, வனக் காவலர், காலத்தில் கைக்கு வரும் இழப்பீடு.

"ஆயுதம் தன்மானமல்லவா? வெள்ளையன் பறித்ததல்லவா?" என்றும் சிலர் வரலாறு பேசுவர். உண்மை, லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியரின் ஆயுதத்தைப் பறித்து ஐரோப்பியருக்கு விலக்குத் தந்தது. 1931இல் கராச்சிக் காங்கிரஸ், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தீர்மானமாகவே நிறைவேற்றிற்று. ஆனால் 1948இல் அரசியல் நிர்ணய சபையிலே காமத் அதை அடிப்படை உரிமையாக்கக் கோரியபோது, அம்பேத்கர் எதிர்த்தார், சபை ஏற்கவில்லை. அந்நியன் ஆண்டபோது அவன் ஏகபோகத்தை எதிர்ப்பது வேறு. நம் வாக்கால் அமைந்த ஆட்சியிலே, பணமுள்ளவன் மட்டும் பாதுகாப்பை விலைக்கு வாங்குவது வேறு. குழல் வாங்க வசதியற்ற குடிசைக்குக் காவல் யார்?

எனவே தோழர்களே, அஞ்சுகிறவரைக் கேலி செய்யாதீர்கள். அவருடைய அச்சத்துக்கு விடை தேடுங்கள். விளக்கில்லாத தெருக்களைக் கணக்கெடுங்கள். இரவு ரோந்து வராத வட்டாரங்களை எழுதி மாநகராட்சியிடமும் காவல் துறையிடமும் கொடுத்து, பதில் வரும்வரை விடாதீர்கள். புறநகர்க் காவல் நிலையத்துக்கு ஆள் கேளுங்கள். மலைக் கிராமங்களுக்குச் சென்று உழவரின் இழப்பீட்டு மனுவை எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்த கையோடு, பரணிலே கிடக்கும் கள்ளத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கியைக்கூடக் காவல் நிலையத்திலே ஒப்படைக்கச் சொல்கிறார்களே, ஏன்? மக்கள் தீர்ப்பளிக்கும் நாளிலே துப்பாக்கி குறுக்கே நிற்கலாகாது என்பதற்காக. அந்த ஒழுங்கு, தேர்தல் இல்லாத நாளிலும் நம் தெருவுக்கு வேண்டும்.