முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

ஜூன் மாதம் எல்.கே.ஜி.யில் சேரும் பிள்ளைகளில் சிலர், காலாண்டு விடுமுறைக்குள் வேறு பெயரோடு வீடு திரும்புகிறார்கள். மணிமேகலை ‘மேகி’ ஆகிவிடுகிறாள். திருநாவுக்கரசு ‘திரு’வோடு நின்றுபோகிறான். வகுப்பாசிரியை தன் வசதிக்காகத் தொடங்கியது தண்ணீர் பாட்டிலில் ஒட்டிய சீட்டுக்குப் போகிறது. வேன் ஓட்டுநர் வாய்க்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் பரவுகிறது. கடைசியில் பிள்ளையே ‘எம்பேரு மேகி’ என்கிறது. பெற்றோர் சங்கடத்தோடு சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது.

வீட்டிலும்தானே பெயரைச் சுருக்குகிறோம் என்று கேட்கலாம். அந்தக் கணக்கே வேறு. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்த வீட்டில், மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள். அதனாலேயே பிள்ளை ‘ராசா’ ஆகும், ‘தம்பி’ ஆகும். பெயர்மேல் வைத்த மரியாதையில் பிறந்த செல்லப்பெயர் அது. கூப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் முழுப் பெயர் தெரியும், அது யாரிடமிருந்து வந்தது என்பதும் தெரியும். இரண்டும் தெரியாத ஒருவர், தெரிந்துகொள்ள மெனக்கெடாமல் சுருக்கும்போதுதான் உறுத்துகிறது.

அந்த உறுத்தலுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. நம் கிராமங்களில் பெயரைக் குறைத்துக் கூப்பிடுவது சாதியின் ஆயுதமாகவே இருந்தது. பண்ணையில் உழைத்தவரின் பெயர் முனுசாமி என்றாலும் பண்ணை வீட்டார் வாயில் அவர் ‘முனியா’தான், கந்தசாமி ‘கந்தா’தான். ஒடுக்கப்பட்ட ஒருவரைப் பார்த்து ‘சாமி’ என்று உச்சரிக்க மனம் வராததால் பின்பாதியை வெட்டினார்கள். தலை நரைத்த மனிதரை அந்த வீட்டுச் சிறுவனும் அப்படியே கூப்பிட்டான். அவரும் ‘வந்துட்டேங்க’ என்று ஓடினார். கடல் கடந்து போனவர்களுக்கும் தப்பிக்க வழியில்லை. 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்குக் கொண்டுபோன ஒப்பந்தத் தொழிலாளர்களையும், அவர்களுக்குப் பின்னால் போனவர்களையும் தென்னாப்பிரிக்க வெள்ளையர்கள் பொத்தாம்பொதுவாக ‘சாமி’ என்றே அழைத்தார்கள். காந்தி ‘சத்திய சோதனை’யில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். இங்கே பெயரின் வாலை வெட்டினார்கள், அங்கே தலையை. இரண்டு இடத்திலும், வெட்டுப்பட்டவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்குப் பதில் சொல்வதுபோல, பெயரைத் தாங்களே தீர்மானிக்கும் வேகம் தமிழ்நாட்டில் எழுந்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. பின்னர் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். தமிழ்ச்செல்விகளும் அன்புச்செல்வன்களும் பூங்கோதைகளும் பள்ளி வருகைப் பதிவேடுகளை நிறைத்தார்கள். தன்னை அரைப்பெயரில் கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்த ஒரு தந்தை, மகளுக்கு ஆறேழு எழுத்தில் பெயர் வைத்தது தற்செயல் அல்ல. அந்தப் பெயரைச் சொல்வதென்றால் முழுதாகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார். அதைத்தான் ஒரு வகுப்பறை இரண்டே மாதத்தில் கலைத்துவிடுகிறது.

வகுப்பாசிரியை தீய எண்ணத்தோடு செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவருக்குச் சின்னப் பெயர் சௌகரியம்தான். ஆனால் ‘வாயில் நுழையவில்லை’ என்ற சமாதானத்தை ஏற்க முடியவில்லை. ‘டைரனோசரஸ்’ என்று திக்காமல் சொல்லும் நான்கு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பு அது. மணிமேகலை என்ற பெயரை அவர்கள் ஒரே நாளில் பழகிவிடுவார்கள், ஆசிரியை சொல்லிக் காட்டினால் போதும்.

பெயரைச் சட்டம் சாதாரணமாக நினைக்கவில்லை. 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 1992இல் இந்தியாவும் இணைந்தது. அதன் 7ஆவது பிரிவு, பிறந்ததிலிருந்தே பெயருக்கான உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. பெயர் உள்ளிட்ட அடையாளத்தைக் காக்கும் உரிமையை 8ஆவது பிரிவு சொல்கிறது. நம் பிறப்புப் பதிவு விதிகளும் பெற்றோரை அவசரப்படுத்துவதில்லை. பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணமில்லை. தாமதக் கட்டணம் செலுத்தினால் 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம்.

வாயால் கூப்பிடுவதற்குச் சட்டம் காவல் நிற்காது; அது பள்ளியின் பண்பு. சேர்க்கைப் படிவத்தில் ரத்த வகை கேட்கிறார்கள், ஒவ்வாமை கேட்கிறார்கள், வேன் எண் கேட்கிறார்கள். ‘பிள்ளையை எப்படிக் கூப்பிட வேண்டும்?’ என்று இன்னொரு வரியையும் சேர்க்கலாம். பெற்றோரும் முதல் வாரமே ‘மிஸ், முழுப் பேரும் சொல்லிக் கூப்பிடுங்க’ என்று சொல்லிவிடலாம். சண்டையாக வேண்டாம், தயக்கமும் வேண்டாம். பிள்ளை வளர்ந்து, ‘எனக்கு மேகலைன்னு கூப்பிட்டாத்தான் பிடிக்குது’ என்று சொன்னால் பெற்றோரும் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த வயதில் அந்தப் பெயர்மேல் நம்மைவிட அவளுக்கே உரிமை அதிகம்.