கடுகுக்குள் கலந்த நஞ்சு

பத்து ரூபாய் குறைச்சலாகக் கிடைக்கிறதே என்று, டின்னிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் எண்ணெயைத் தூக்கில் வாங்கி வரும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? அப்படியானால் சகோதரிகளே, இந்தத் தடவை உங்களோடுதான் பேச்சு!

1998 ஆகஸ்டில் டில்லியில் நடந்தது இது. ஜனங்களுக்குத் திடீர் திடீரென்று கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, வயிற்றுப்போக்கு கண்டது. ஒரே வீட்டில் சாப்பிட்டவர்கள் ஒன்றாகப் படுத்துவிட்டார்கள். 60 பேருக்கு மேல் இறந்தே போனார்கள். காரணம், அவர்கள் தினமும் தாளித்த கடுகெண்ணெய்! பிரம்மதண்டு விதையின் எண்ணெய் அதில் கலந்திருந்தது.

பிரம்மதண்டு தெரியுமல்லவா? ரோட்டோரத்திலும் தரிசிலும் முள் இலையும் மஞ்சள் பூவுமாக நிற்குமே, அதுதான். அதன் விதை பார்வைக்குக் கடுகு மாதிரியே இருக்கும். அதிலுள்ள சாங்குவினரின் என்ற நஞ்சு, மெல்லிய ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது. கசிந்த நீர் காலில் இறங்கி வீங்குகிறது. இருதயம் தளர்கிறது. சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வையே கெட்டுவிடுகிறது.

"நாமதான் கடுகெண்ணெயில சமைக்கிறதில்லையே, நமக்கென்ன?" என்கிறீர்களா? லூஸ் எண்ணெய் எதுவானாலும், அதில் என்ன கலந்திருக்கிறது என்று நம் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாதே! அதனால்தான் சமையல் எண்ணெயை அடைத்தே விற்க வேண்டும் என்று அதே 1998-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. அப்படியும் டின்னில் ஊற்றி விற்கிற கடைகள் இல்லாமல் போகவில்லை.

நாம் செய்ய வேண்டியவை:

* சீல் பிரிக்காத பாக்கெட்டோ டின்னோ வாங்குங்கள். 14 இலக்க லைசென்ஸ் எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

* செக்கில் ஆட்டுபவர்கள் எள்ளையும் கடலையையும் நன்றாகப் புடைத்து, கல், களை விதை பொறுக்கிக் கொடுங்கள்.

* வடை, அப்பளம் பொரித்து மிஞ்சியதை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். கறுத்து, நுரைத்து, புகைகிற எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

* வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் கால் வீங்கினால், அந்த எண்ணெயை உடனே நிறுத்துங்கள். ஆனால் கொட்டிவிடாதீர்கள்! கொஞ்சம் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

பத்து ரூபாயை வேறு எதிலாவது மிச்சம் பிடிக்கலாம், அம்மா. குழந்தையின் தட்டில் வேண்டாம்!