பல்லடைப்புக்கு யார் பொறுப்பு?

மேசன் கட்டிய சுவர் முதல் மழைக்கே சரிந்தால், அவரை அழைத்து மறுபடியும் கட்டித்தரச் சொல்கிறோம். காசு கொடுத்து அடைத்த பல் ஒரு மாதத்திலேயே கழன்று விழுந்தால் மட்டும் ஏன் வாய்மூடி இருக்கிறோம்?

மண்சரிவுக்குப் பயந்து லயனை விட்டு வந்து மரக்கறி செய்யும் ஒரு தாய்க்கு இதுவே நடந்தது. பதுளைப் பக்கத்துத் தனியார் பல் வைத்தியர் ஒருவரிடம் அடைத்த கடைவாய்ப்பல் மூன்று வாரத்தில் திறந்துகொண்டது. திரும்பிப் போனபோது மீண்டும் முழுக் கட்டணம் கேட்டார்கள். முதலில் கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. பஸ் காசும் இரண்டு நாள் உழைப்பும் போயின. கடைசியில் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். காப்பாற்றியிருக்கக்கூடிய பல் அது.

அப்படியானால் பல் வைத்தியர் தம் வேலைக்கு உத்தரவாதம் தரவேண்டுமெனச் சட்டம் செய்யலாமா? வைத்தியர் பக்க நியாயத்தையும் கேட்போம். வாய் சுவரல்ல. சீனித் தேநீரும் துலக்காத பல்லும் சேர்ந்தால், நல்ல அடைப்பின் ஓரத்திலும் புதிதாகச் சொத்தை விழும். அது கைப்பிழை அல்ல. ஆனால் சொத்தையைச் சரிவர எடுக்காமல் மூடுவதும், பல்நிற அடைப்பை எச்சில் ஈரத்தின் மேலேயே ஒட்டுவதும் கைப்பிழைதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே தேசிய சுகாதார சேவையின் கீழ் கட்டணம் செலுத்தி அடைத்த பல்லோ, போட்ட பல் உறையோ 12 மாதத்துக்குள் பழுதானால் அதே வைத்தியர் இலவசமாகத் திருத்த வேண்டும். விலக்குகளும் உண்டு. தற்காலிக அடைப்பென முன்பே சொல்லியிருந்தாலும், வேறு சிகிச்சையே நல்லதென வைத்தியர் சொல்லியும் நோயாளி கேட்காவிட்டாலும், அடிபட்டு உடைந்தாலும் அவர் பொறுப்பல்ல.

இந்த விலக்குகள் அவசியமானவை. எல்லாப் பல்லுக்கும் ஆயுள் உத்தரவாதம் கேட்டால் என்ன நடக்கும்? சந்தேகமான பல்லை எந்த வைத்தியரும் அடைக்கத் துணியமாட்டார். பிடுங்கிவிடுவதே அவருக்குப் பாதுகாப்பு. அந்த இழப்பு முதலில் வந்து சேர்வது ஏழையின் வாய்க்குத்தான்.

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பணம் பெற்றுச் செய்யும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் அமைய வேண்டும் என்கிறது. பல்லடைப்பு எத்தனை மாதம் நிற்க வேண்டுமென அதில் இல்லை. ஆகவே கட்டணம் பெறும் வைத்தியர்களுக்கு ஓராண்டு உத்தரவாதத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே எமது கருத்து.

இடம்பெயர்ந்தோருக்கு அதுமட்டும் போதாது. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயன்களே புதைந்தன. அங்கே சிகிச்சைத் துண்டை யார் தேடுவது? எனவே எந்தப் பல், எந்த நாள், என்ன பொருள் என்பது வைத்தியரின் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். நோயாளிக்குக் கொடுக்கும் துண்டு தமிழில் இருக்க வேண்டும். குடும்பம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டால், அங்குள்ள வைத்தியர் திருத்தும் செலவை முதல் வைத்தியர் ஏற்க வேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடைக்குமுன், “இது எவ்வளவு காலம் நிற்கும், விழுந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்போம். பற்றுச்சீட்டு வாங்குவோம். கழன்றால் வலி வரும்வரை காத்திராமல் உடனே திரும்பிப் போவோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக அடைத்த பல்லாயினும் திரும்பிப் போய்க் காட்ட வெட்கப்பட வேண்டாம். காணியும் வீடும் இழந்த நாம், கேட்கக் கூச்சப்பட்டுப் பல்லையும் இழக்க வேண்டுமா?